கரிக்கோச்சியும் பங்கர் கூரையும்

என் கணவருக்கு இரண்டு குடும்பங்கள். ஒன்று நானும் மகளும். மற்றது எங்கள் முன் அறையில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. லண்டனில் இருந்த அவருடைய தமையன் அனுப்பிய விளையாட்டுக் கரிக்கோச்சி ரயில் அது. கறுப்பு எஞ்சினும் மூன்று பெட்டிகளும் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் அடங்கிவிடும். ஆனால் அது ஓடுவதற்கு என் சீதன வீட்டின் முழு அறையும் வேண்டியிருந்தது. கதவு போடவென்று என் அப்பா வாங்கி வைத்திருந்த வேப்பம் பலகைகளை இவர் ஒன்றாக இணைத்து, அதன்மேல் தண்டவாளத்தை அறைந்திருந்தார். கதவில்லாத அறையில் வந்தவர்களெல்லாம் கோச்சி பார்த்தார்கள்.

மனிதர் பள்ளிக்கூட ஆசிரியர். டீசல் எஞ்சின் என்றால் முகத்தைச் சுளிப்பார். கரியும் புகையும் இல்லாதது கோச்சியே இல்லையாம். சமையலறைப் புகையில் நான் இருமும்போது மட்டும் அந்தப் பிரியத்தைக் காணவில்லை.

அவருக்கு ஏற்ற கூட்டாளி, அச்சுவேலியில் இருந்த ஓய்வுபெற்ற ரயில் கார்ட். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சைக்கிளில் வந்துவிடுவார். அவர் விசில் ஊத, இவர் பச்சைத் துணியைக் காட்டுவார். எஞ்சின் தடம் புரண்டால் இருவரும் விசாரணை வைத்து ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சாட்டுவார்கள். தீர்ப்பு வரும்வரை நான் தேத்தண்ணீர் கொடுக்கவேண்டும்.

தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு உண்மையான ரயில் வருவது நின்றது. மின்சாரமும் போனது. பற்றரிக்கும் தடை. இனியாவது அறை எனக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன். ஊரெல்லாம் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்க, இவர்கள் அதில் கோச்சி ஓட்டினார்கள். அச்சுவேலியிலிருந்து மிதித்து வந்த கார்ட், வந்து சேர்ந்த பிறகும் சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு மிதித்தார். நாடு முழுவதும் நேரத்துக்கு ஓடிய ஒரே கோச்சி எங்கள் வீட்டுக் கோச்சிதான்.

பிறகு குண்டு போடும் பொம்மர் விமானங்கள் அடிக்கடி வரத் தொடங்கின. வீட்டுக்கு வீடு பதுங்கிக்கொள்ளப் பங்கர் வெட்டினார்கள். ரயில் ஓடாத பாதையில் சிலிப்பர்க் கட்டைகளும் தண்டவாளங்களும் சும்மா கிடந்தன. அயலவர்கள் அவற்றை இழுத்து வந்து கூரை போட்டார்கள். எங்கள் வீட்டு வளவில் வெட்டிய கிடங்கு மட்டும் கூரையில்லாமல் வாயைப் பிளந்துகொண்டு இருந்தது.

"பாதையிலை கைவைக்க நான் விடன். நாளைக்குக் கோச்சி வந்தால் எதிலை ஓடுறது?" என்றார் என் கணவர்.

"நாளைக்குப் பொம்மர் வந்தால் பிள்ளையை எதுக்குள்ளை ஒளிக்கிறது?" என்றேன்.

"பொறும், கூரைக்குப் பனங்குத்தி தேடுவம்."

பனங்குத்திகளை எல்லோரும் எப்போதோ கொண்டுபோய்விட்டார்கள். பக்கத்து ஒழுங்கையில் குண்டு விழுந்து, மகள் இரண்டு நாள் சோறு தின்னாமல் என் சீலையைப் பிடித்துக்கொண்டு திரிந்த பிறகுதான் அவர் இறங்கி வந்தார். அதற்கும் ஒரு நிபந்தனை. கோச்சி திரும்பி வரும்போது ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். அதனால் பாதையில் இருந்தபடியே போடவேண்டுமாம்.

கார்ட் அளவு நாடாவோடு வந்தார். கிடங்கின் குறுக்கே கட்டைகளை ரயில் பாதையில் இருந்த இடைவெளியோடு அடுக்கினார்கள். அவற்றின்மேல் இரண்டு தண்டவாளங்கள், அதே அகலத்தில். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே என் கை தோள்வரை போனது. அந்த ஓட்டைகளைச் சாக்கால் மூடி மேலே மண் கொட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"மாஸ்டர், உதிலை கோச்சி ஓடுமோ?"

"ஓம், தாராளமாய் ஓடும்," என்றார் என் கணவர், மிகுந்த திருப்தியுடன்.

அடுத்த முறை பொம்மர் வந்தபோது குண்டு தூரத்தில்தான் விழுந்தது. அந்த அதிர்வுக்கே சாக்குக் கிழிந்து, மண் முழுவதும் உள்ளே இருந்த மகளின் தலையில் கொட்டியது. கண், மூக்கு, வாயெல்லாம் மண். என் கணவர் இரண்டு கைகளாலும் தோண்டி, அவளைத் தூக்கி முதுகில் அடித்தார். அவள் இருமித் துப்பி மூச்சு விட்டாள். அந்தக் கோச்சியையும் கார்ட்டையும் இவரையும் ஒன்றாகச் சபித்தேன்.

அவர் எழுந்து முன் அறைக்குப் போனார். எஞ்சினையும் பெட்டிகளையும் நிலத்தில் வைத்துவிட்டு, பலகையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

"மற்றப் பக்கத்தைப் பிடியும்," என்றார்.

மண்ணை வழித்துவிட்டு, பலகையை அந்தப் பெரிய தண்டவாளங்களின் மேல் போட்டோம். பலகையில் அறைந்த விளையாட்டுத் தண்டவாளத்தைக் கழற்ற அவர் மினக்கெடவில்லை. அப்படியே மேலே மண்ணை வெட்டிப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கார்ட் வந்து வெறும் அறையைப் பார்த்தார்.

"எங்கை பாதை?"

"பிள்ளைக்கு மேலை கிடக்கு, அண்ணை," என்றார் என் கணவர்.

கார்ட் சைக்கிளைச் சாத்திவிட்டு, பங்கர் கூரைக்கு இன்னும் மண் போட மண்வெட்டியை எடுத்தார். கலியாணம் கட்டிய நாளில்கூட எனக்கு என் கணவரை அவ்வளவு பிடித்ததில்லை.