சந்தனம் பூசிய சிவப்பு விளக்கு

லாரி புக்கிங் ஆபீஸ் முதலாளி சுவாமிநாதன், லாரிக்காரர் சூசைமாணிக்கத்துக்குத் தரவேண்டியது எண்ணூற்று நாற்பது ரூபாய். சேலத்திலிருந்து மதுரைக்கு மூன்று நடை ஜவ்வரிசி மூட்டை ஏற்றிப் போன வாடகை; நடைக்கு இருநூற்று எண்பது. அறுபத்தைந்தாம் வருஷம் ஆடி மாதம் ஓட்டிய நடை. ஐப்பசி பிறந்தும் காசு கைக்கு வரவில்லை.

சூசைமாணிக்கம் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கிளீனராகத் தொற்றி, பதினாலு வருஷம் அடுத்தவன் வண்டியை ஓட்டி, மனைவி இசபெல்லாவின் கம்மலை விற்று, தவணைக்கு ஒரு பழைய லாரி வாங்கியவர். சும்மா வந்ததா அந்த வண்டி? புதுச்சத்திரம் ரோட்டில் அச்சு முறிந்து நின்றபோது, மெக்கானிக்குக்குச் சொல்லி அனுப்பாமல் தானே அடியில் படுத்து மாற்றியவர் அவர். அப்பேர்ப்பட்ட ஆளைத்தான் காசுக்காகத் தன் ஆபீஸ் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார் சுவாமிநாதன்.

முதலில், “சரக்கு வாங்குன மதுரைப் பாய் இன்னும் பணம் அனுப்பலீங்க மாணிக்கம்” என்றார். அப்புறம் அதைச் சொல்லக்கூட அவர் வெளியே வருவதில்லை. கிளார்க் பாலசுந்தரமே, “முதலாளி ஊர்ல இல்லீங்க” என்று சொல்லிவிடுவார்.

பாலசுந்தரத்தின் மேசையில் புது டெலிபோன். பக்கத்தில் ஒரு பெட்டி. அதில் மூன்று சுவிட்சு, இரண்டு விளக்கு. வெளியிலிருந்து கால் வந்தால் பச்சை எரியும். உள் அறையில் முதலாளி எடுத்துப் பேசினால் சிவப்பு. சிவப்பு எரிகிறபோது முதல் சுவிட்சை மேலே தள்ளிவிட்டு ரிசீவரை எடுத்தால், மேசையில் இருப்பவரும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொள்ளலாம். இதையெல்லாம் சூசைமாணிக்கத்துக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தே தெரிந்துகொண்டார். எஸ்.எஸ்.எல்.சி. பாஸான பாலசுந்தரம் இரண்டு மாதம் கழித்தும் தப்பான சுவிட்சைத் தட்டி, பேசிக்கொண்டிருந்தவரின் லைனை அறுத்துவிடுவார்.

ஒருநாள் சூசைமாணிக்கம் கேட்டே விட்டார்.

“ஏனுங்க கிளார்க்கு, முதலாளி இல்லைங்கிறீங்க. செவப்பு எரியுதே?”

“அது லைன் ரிப்பேருங்க.”

“ரிப்பேரு சிரிக்குதுங்களே. இங்க வரைக்கும் கேக்குது.”

எழுந்து போய்க் கதவைத் தள்ளினார். அறை காலி. பின்கதவு ஆடிக்கொண்டிருந்தது.

ஆயுத பூஜை வந்தது. பாலசுந்தரம் தராசு, பேரேடு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். டெலிபோன் பெட்டியின் இரண்டு விளக்குகளுக்கு மட்டும் சந்தனத்தை வழித்து அப்பினார். பூஜை முடிந்து பதினைந்து நாள் ஆகியும் துடைக்கவில்லை. சூசைமாணிக்கம் துடைக்கக் கை நீட்டியபோது தடுத்தார்.

“சாமிக்கு வெச்சதுங்க. கை வெக்கக் கூடாது. உங்க கோயில்ல மெழுகுவத்திய நான் வந்து ஊதுனா சும்மா இருப்பீங்களா?”

“எங்க கோயில்ல வெளக்க மறைக்க மெழுகு ஊத்த மாட்டோமுங்க.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மூன்று தவணை பாக்கி. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் கட்டாவிட்டால் வண்டியை இழுத்துக்கொண்டு போவோம் என்று பைனான்ஸ்காரர்கள் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல். பாலசுந்தரம் வழக்கம்போல லைனை உள் அறைக்குத் திருப்பிவிட்டு டீ குடிக்கப் போனார். சூசைமாணிக்கம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மணி அடித்தது. காய்ந்து வெடித்த சந்தனத்தின் கீறலில், ரத்தக் கோடு மாதிரி சிவப்பு தெரிந்தது.

போய் நகத்தால் சுரண்டினார். சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்தது. முதல் சுவிட்சை மேலே தள்ளி ரிசீவரை எடுத்தார்.

மதுரை வியாபாரி நசுருல்லாவின் குரல். டிரங்க் கால்; ஆபரேட்டர் மூன்று நிமிஷக் கணக்கில் போட்டுத் தருகிற வெளியூர் கால்.

“நம்ம சரக்கை ஒரு சொட்டு நனையாமக் கொண்டாந்தாரே, அந்த மாணிக்கம், இந்த லோடையும் அவரு வண்டியிலயே ஏத்தி விடுங்க. ஆவணியிலேயே வாடகை அனுப்பிச்சேனே, எண்ணூத்தி நாப்பது. குடுத்தாச்சுல்ல?”

“அன்னிக்கே குடுத்தாச்சுங்க பாய்,” என்றது சுவாமிநாதனின் குரல். “வாங்குனதோட சரி, ஆளு நம்ம பக்கமே வர்றதில்லீங்க. கையில காசு வந்ததும் திமிரு.”

சூசைமாணிக்கம் ரிசீவருக்குள் கத்தினார்.

“வாரேனுங்க பாய்! தினமும் வாரேன்! ரெண்டு மாசமா இந்தாளு பெஞ்சத் தேச்சுக்கிட்டுக் கெடக்கறேன். ஒத்த ரூவா தரலீங்க! நீங்க பணமே அனுப்பலைன்னு எங்கிட்டச் சொன்னாருங்க!”

“டேய் பாலசுந்தரம்! சுவிட்சத் தட்டுடா!” என்று சுவாமிநாதன் கத்தினார். அது போனிலும் கேட்டது, கதவு வழியாகவும் கேட்டது.

“தட்டுனா கைய ஒடிச்சுப்போடுவேன்!” என்றார் சூசைமாணிக்கம், அப்போதுதான் உள்ளே வந்த பாலசுந்தரத்தைப் பார்த்து. கிளார்க் படியிலேயே நின்றுவிட்டார்.

“மூணு நிமிஷம் ஆச்சு,” என்று குறுக்கே வந்தாள் ஆபரேட்டர்.

“இன்னொரு மூணு போடும்மா,” என்றார் நசுருல்லா. “சுவாமிநாதன், மாணிக்கம் நிக்கிற எடத்துக்குப் பணத்தோட வாங்க. எண்ணுற சத்தம் என் காதுல விழணும். இல்லைன்னா என் சரக்கு உங்க ஆபீஸ் வாசலை மிதிக்காது.”

“வெள்ளிக்கிழமைங்க பாய். பொட்டியத் தொறந்து பணம் எடுக்கறது வழக்கமில்லீங்க.”

“எனக்கும் வெள்ளிக்கிழமைதான்யா. தொழுதுட்டு வந்துதான் பேசறேன். எடுங்க!”

கதவு திறந்தது. சுவாமிநாதன் நோட்டுக் கட்டோடு வந்தார், முகத்தில் ஈயாடவில்லை. மேசைமேல் வைக்கப் போனார்.

“மேசைக்கு நீங்க கடன்படலீங்க,” என்றார் சூசைமாணிக்கம். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கிரீஸ் ஏறிக் கறுத்த வலது கையை விரித்து நீட்டினார். “சத்தமா எண்ணுங்க. பாய் கேக்கறாரு.”

“நூறு... எரநூறு...”

“கேக்கலை,” என்றது மதுரை.

சுவாமிநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். எட்டு நூறு ரூபாய் நோட்டு, நாலு பத்து ரூபாய் நோட்டு. ஒவ்வொன்றாக அந்த விரித்த கையில் வைத்தார்.