நாற்பத்தொரு வட்டங்கள்

எங்கள் வீட்டு முன்னறையின் மேற்குச் சுவரை இப்போது யார் வந்து பார்த்தாலும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நான்தான் பார்ப்பதில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு எழுதியவன் நான். வேலையை விட்ட பிறகும் எழுதுகிற பழக்கம் விடவில்லை. மலையில் என்றைக்கு மழை இறங்கியது, குழாயில் எந்தெந்தக் கிழமை தண்ணீர் வரவில்லை, எதிர்வீட்டுப் பசு என்றைக்குக் கன்று போட்டது, எல்லாம் நாட்குறிப்பில் இருக்கும். தெருவில் பேச்சு முற்றினால், "அவர்கிட்டக் கேளுங்க, தேதியோட எழுதி வச்சிருப்பாரு" என்று என் வீட்டுக்கு வருவார்கள். புத்தகமும் நிறையப் படிப்பேன். எழுதி வைக்கிற ஆள் பொய் சொல்ல மாட்டான் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருந்தது. என்னைப் பற்றி எனக்கும் அந்த நம்பிக்கைதான்.

போன ஆடி மூன்றாவது திங்கட்கிழமை வீட்டில் பெயிண்ட் வேலை தொடங்கியது. ஆடியில் எங்கள் பக்கம் யாரும் வீட்டு வேலையில் கை வைப்பதில்லை. பெயிண்டர்கள் சும்மா இருப்பார்கள். கூப்பிட்ட மறுநாளே வருவார்கள், கூலியிலும் கொஞ்சம் இறங்குவார்கள். அதற்காகத்தான் அந்த மாதத்தில் கூப்பிட்டேன். ஆடிக் காற்று மேற்கே மலைச்சரிவிலிருந்து இறங்கித் தெருப்புழுதியை அள்ளிக்கொண்டு சன்னல் இடுக்கில் நுழையும் என்பதும், ஈரமான பெயிண்ட்டில் அந்தப் புழுதி ஒட்டும் என்பதும் எனக்குத் தெரியாததல்ல.

வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். உதவிக்கு ஆள் வைக்காமல் தனியாகவே வேலை பார்ப்பவர். முதல் நாளே அவர்மேல் எனக்கு அருவருப்பு வந்துவிட்டது. வாயில் எந்நேரமும் புகையிலை. வேலைக்கு நடுவில் சன்னலைத் திறந்து என் செம்பருத்திச் செடிமேல் துப்புவார். மூன்றாவது நாள் பார்த்தபோது இலைகளெல்லாம் பழுப்பாகக் காய்ந்து பிசுபிசுத்துக் கிடந்தன. என் மனைவி தேநீர் கொடுத்த தம்ளருக்குள் பிரஷ்ஷை ஊறப் போட்டிருந்தார். சுவர் மூலையில் குளவி கட்டியிருந்த மண்கூட்டைத் தட்டி எடுக்காமல் அதன்மேலேயே பெயிண்ட் ஓட்டியிருந்தார். சன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கொசு, இறக்கை விரிந்தபடி, பெயிண்ட்டுக்குள்ளேயே அடக்கமாகியிருந்தது.

"சுவத்தப் பாக்க ஆள் வச்சமா, ஆளப் பாக்க ஆள் வைக்கணுமான்னு தெரியல" என்றாள் என் மனைவி. ஆனாலும் தேநீர் கொடுப்பதை அவள் நிறுத்தவில்லை. பிரஷ்ஷுக்கென்று ஒரு பழைய தம்ளரைத் தனியாக எடுத்துக் கொடுத்துவிட்டாள். அத்தோடு அது தீர்ந்தது. எனக்குத்தான் தீரவில்லை.

சனிக்கிழமை வேலை முடிந்தது. ஞாயிறு மதியம், கைபேசியில் ஒரு வீடியோவில் பார்த்த முறையில் சுவரைச் சோதித்தேன். சன்னல்களைச் சாத்திவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் படுக்கவைத்துப் பிடித்தால், பட்டி மாவு பூசித் தேய்த்த இடத்திலுள்ள மேடு பள்ளமெல்லாம் நிழலாக எழுந்து தெரியும். எழுந்து தெரிந்தன. ஒவ்வொரு குறையையும் சுற்றி ஒரு வட்டம் போட்டு, உள்ளே வரிசை எண்ணும் கீழே தேதியும் எழுதினேன். சாயங்காலம் எண்ணி முடித்தபோது நாற்பத்தொரு வட்டங்கள். அன்று எனக்கு இருந்த திருப்தியை இப்போது நினைத்தால் கூசுகிறது.

எழுதியது என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் பேனாவால். ஏலக்காய் மூட்டைகளில் எண் போடுகிற தடித்த கறுப்புப் பேனா அது. வேலையை விட்டு வரும்போது ஒரு பெட்டிப் பேனா என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை பெயிண்டர் உள்ளே வந்து சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னண்ணே இது, சுவத்துக்கு அம்மை வாத்திருக்கு?"

"ஒவ்வொண்ணும் ஒரு குறை. நாப்பத்தொண்ணு இருக்கு. ஒண்ணாம் நம்பர்ல இருந்து வரிசையாச் சரி பண்ணுப்பா."

"டார்ச்ச இப்படிப் படுக்கப் போட்டுப் பாத்தா என் மூஞ்சிலயும் நாப்பது பள்ளம் தெரியும்ணே. மனுசன் சுவத்த நேரா நின்னுதான பாப்பான்?"

"குளவிக் கூட்டுக்கும் பெயிண்ட் அடிச்சிருக்கியே, அத நேரா நின்னே பாத்தேன்."

அவர் சிரித்துவிட்டார். "அது என் தப்புதான். சரி பண்ணிர்றேன்." கொஞ்ச நேரம் கழித்து, உப்புத்தாளை மடித்துக்கொண்டே சொன்னார்: "நல்லாப் பண்ணிர்றேன்ணே. வெள்ளிக்கிழமை மகால் தலைவரு ஒங்க சுவத்தப் பாக்க வர்றேன்னிருக்காரு."

எங்கள் ஆட்களுக்குச் சொந்தமான கல்யாண மகாலுக்கு ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னால் பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தது. கமிட்டித் தலைவர் எனக்கு மாமா முறை. பெயிண்டர் அவரிடம் போய் வேலை கேட்டிருக்கிறார். "மாப்பிள வீட்டுல அடிச்சிருக்கியா? அப்ப அத வந்து பாக்குறேன். அவனே ஒத்துக்கிட்டா யாரும் குறை சொல்ல முடியாது" என்று தலைவர் சொல்லியிருக்கிறார்.

"மகால் கெடச்சா அதப் பாத்து ஆவணியில நாலு வீடு வரும்ணே. இந்த சீசனுக்கு வீட்டுல மலைக்குப் போகாம இருந்துக்கிடலாம். முட்டி வீங்கிக் கெடக்கு."

வீட்டில் என்று அவர் சொன்னது மனைவியை. ஏலக்காய் எடுப்பு தொடங்கிவிட்டால் விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலைக்கணவாயான மெட்டைத் தாண்டி இடுக்கித் தோட்டத்துக்குப் போய், இருட்டுகிற நேரத்தில் இறங்குகிற பெண்களில் அவரும் ஒருவர். நாளெல்லாம் செடியின் தூரில் குத்தவைத்துக் காய் எடுக்க வேண்டும். இந்தப் பேச்சையும் அன்றைய பக்கத்தில் ஒரு வரியாக எழுதி வைத்தேன்.

குளவிக் கூட்டைப் பெயர்த்தார். கொசுவைச் சுரண்டினார். நாற்பத்தொரு இடத்திலும் பட்டி வைத்துத் தேய்த்தார். செவ்வாய்க்கிழமை சுவர் முழுவதும் இரண்டு கோட்டு அடித்தார். புதன்கிழமை காலை நான் எழுந்து வந்து பார்த்தால், என் வட்டங்கள் சாம்பல் நிறத்தில் மறுபடியும் மேலே வந்திருந்தன. பதினேழு, பதினெட்டு, கீழே தேதி, எல்லாவற்றையும் வாசிக்க முடிந்தது.

பெயிண்டர் வந்து விரலால் தொட்டுப் பார்த்தார். "என்ன பேனாண்ணே இது?"

"பேனா என்னப்பா பேனா? தண்ணிய ஊத்தாம அடி, மறையும்."

அவர் என் கண்முன்னால் புது டப்பாவைத் திறந்தார். தண்ணீரை அளந்து ஊற்றிக் காட்டினார். பக்கத்தில் நின்று பார்த்தேன். அன்றைய குறிப்பில் நான் எழுதியிருப்பது இது: "மூன்றாவது கோட்டு. தண்ணீர் அளவாகத்தான் சேர்த்தார். கெட்டியாக அடித்தார்." கையெழுத்து என்னுடையதுதான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தலைவர் கமிட்டியார் இருவரோடு வந்தார். பெயிண்டர் அதற்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார். வெளுத்த சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. அன்று வாயில் புகையிலை இல்லை. சுவரில் வட்டங்கள் இருந்தன. புதன்கிழமையைவிட மங்கல், ஆனால் தெளிவாகவே இருந்தன.

தலைவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "என்ன மாப்ளே, சுவத்துல மூட்டை லாட்டு நம்பர் ஓடுது? இந்தச் சுவரு எத்தனை கிலோ தேறும்?"

கூட வந்தவர்கள் சத்தமாகச் சிரித்தார்கள். "ஏலத்துல விட்டுறலாம்ணே" என்றார் ஒருவர்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. எங்கள் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் பழைய சாக்குகளைத் திரும்ப எடுக்கும்போது, முந்தின எண்மேல் சுண்ணாம்பு பூசிவிட்டுப் புது எண் போடுவோம். ஒரே நாளில் பழைய எண் சுண்ணாம்புக்கு மேலே ஏறி வந்துவிடும். எதைப் பூசினாலும் ஏறி வரும். அந்த மையைத் தேடிப் பிடித்து முதலாளியிடம் வாங்கச் சொன்னதே நான்தான். எழுதின எண்ணை யாரும் அழிக்க முடியக் கூடாது என்று காரணமும் சொல்லியிருந்தேன். சுவரில் இருந்தது பெயிண்டரின் குறை அல்ல, என் மை. அதைச் சொல்ல ஒரு வரி போதும். ஆனால் சொந்த வீட்டுச் சுவரில் மூட்டைப் பேனாவால் நாற்பத்தொரு எண் போட்ட கிறுக்கன் என்று மகாலில் ஒரு வருடம் பேசிச் சிரிப்பார்கள். மூன்று பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பெயிண்ட்டுல தண்ணி, மாமா. சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்கிறாப்ல" என்றேன்.

பெயிண்டர் வாசலிலிருந்து ஓரடி உள்ளே வந்தார். "மூணு கோட்டு அடிச்சிருக்கேன்ணே. அண்ணன் பக்கத்துல நின்னு பாத்தாக."

"அப்படியா மாப்ளே? நீதான் எல்லாத்தையும் எழுதி வைப்பியே."

நாட்குறிப்பு மேசைமேல்தான் கிடந்தது. இரண்டு பக்கம் புரட்டினால் புதன்கிழமை.

"மூணு கோட்டு அடிச்ச சுவரு இப்படியா இருக்கும்?" என்று கேட்டேன். கேள்வியாகக் கேட்டுவிட்டால் பொய் ஆகாது என்று அப்போது எப்படியோ தோன்றியது. தலைவர் தலையை ஆட்டினார். "சரிப்பா, பாத்துச் சொல்லி விடுறோம்" என்று பெயிண்டரிடம் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். அவர்கள் தெருமுனை திரும்புகிறவரை பெயிண்டர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நானாவது உள்ளே போயிருக்கலாம். குளவிக் கூடு இருந்த மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை கையில் சின்ன டப்பாவோடு வந்தார்.

"எண்ணெய்ப் பிரைமருண்ணே. இத ஒரு கை ஓட்டுனாத்தான் அந்த மை அடங்கும். பேனாவ நேத்து ஒங்க சட்டைப் பையில பாத்தேன்."

பிரைமர் ஓட்டி, காயவிட்டு, சாயங்காலம் வந்து மேலே பெயிண்ட் அடித்து முடித்தார். ஒரு வட்டமும் திரும்ப வரவில்லை. பிரஷ்ஷைக் கழுவி, என் மனைவி கொடுத்திருந்த பழைய தம்ளரைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டுச் சொன்னார்: "வேலையப் பாதியில விட்டுட்டு ஓடிட்டான்னு அந்த நோட்டுல எழுதிறாதீக."

மகால் வேலை தேனியிலிருந்து வந்த ஒரு காண்ட்ராக்டருக்குப் போனது. ஆவணி முதல் வாரம் நான் நாட்குறிப்பை எடுத்துக்கொண்டு தலைவரின் கடைக்குப் போனேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். பேனா என்னுடையது, மை என்னுடையது, தெரிந்தே மறைத்தேன் என்றேன். புதன்கிழமைப் பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"கண்ணாடி எடுத்துட்டு வரல மாப்ளே. விடு. ஒரு கூலிக்காரனுக்காக நீ பழியத் தூக்கித் தலையில வச்சுக்கிறியே, அது பெரிய மனசு. தண்ணி ஊத்தாத பெயிண்டரு எந்த ஊருல இருக்கான்?" கடைப் பையனை நிறுத்தி, "அண்ணனுக்கு நல்ல காப்பியாக் கொண்டா" என்றார்.

காப்பி வந்தது. இன்னொரு முறை சொன்னேன். இன்னொரு முறை சிரித்தார். அந்தக் காப்பியை நான் குடித்தேன். நன்றாகவே இருந்தது.

அதற்குள் டீக்கடையில் பெயிண்டருக்குத் 'தண்ணி பெயிண்டர்' என்று பெயர் விழுந்துவிட்டது. என் சுவரைப் பார்க்கிறவர்கள், நான் விடாப்பிடியாக நின்றதால்தான் வேலை இவ்வளவு சுத்தமாக வந்தது என்கிறார்கள். அடுத்த வீட்டு அம்மா, "எங்க வீட்டுலயும் ஆள் விட்டிருக்கோம்ணே, அந்த டார்ச்ச எடுத்துட்டு வந்து ஒரு தடவ பாத்துக் குடுங்க" என்று கேட்டார். கண் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அதுவும் பொய்தான்.

ஆவணி கடைசியில் ஒரு நாள் விடியற்காலை நடைக்குப் போனபோது, ஜீப்புகள் நிற்கிற இடத்தில் பெயிண்டரின் மனைவியைப் பார்த்தேன். வேலை நடந்தபோது ஒருநாள் அவருக்குச் சோறு கொண்டுவந்தவர் என்பதால் அடையாளம் தெரிந்தது. ஆண்சட்டை, தலையில் துண்டு, கையில் தூக்குவாளி. திரும்பிப் போய்விடலாம் என்று நினைப்பதற்குள் அவர் என்னைக் கண்டுகொண்டார்.

"நல்லாருக்கீகளாண்ணே? சுவரு அடங்கிருச்சா? அதே நெனப்பாக் கெடந்தாரு."

"அடங்கிருச்சு ஆத்தா."

"நல்லதுண்ணே."

"பேசிக்கிட்டு நிக்காம வெரசா ஏறுங்க" என்று டிரைவர் கத்தினார். பெயிண்டரின் மனைவி தூக்குவாளியை உள்ளே கொடுத்துவிட்டு, ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் படியில் வைத்தார். கால் ஊன்றவில்லை, இறக்கிக்கொண்டார். இரண்டாவது முறையும் முடியவில்லை. உள்ளேயிருந்த இரண்டு பெண்கள் கக்கத்தில் கை கொடுத்து மேலே இழுத்துக்கொண்டார்கள். ஜீப்பு மெட்டுப் பக்கம் திரும்பியது.