பெண் துணைக்கு மட்டும்

வயிற்றைக் கிழித்துத் தைத்த பிள்ளை உள்ளே கிடந்து உங்களைக் கூப்பிடுகிறது. 'நீ ஆம்பளை, வெளியே நில்' என்று ஒருவர் சொன்னால் நிற்பீர்களா?

செல்லமுத்து நின்றான். அன்னவாசல் பக்கம் ஓடும் மினி பஸ்ஸில் கண்டக்டர். மகள் பொற்கொடிக்கு ஐந்து வயது. மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன நாளிலிருந்து பிள்ளையைக் குளிப்பாட்டுவது, தலை பின்னுவது, காய்ச்சலுக்குக் கஞ்சி காய்ச்சுவது எல்லாம் அவன்தான். அவளுக்குக் குடல்வால் வெடித்துப்போய் அரசு மருத்துவமனையில் அவசரமாக அறுவை சிகிச்சை நடந்தது. முடிந்ததும் டாக்டர் அவனிடம்தான் சொன்னார்: "வாயு பிரியிற வரைக்கும் தண்ணியே ஆகாது. உதட்டை மட்டும் பஞ்சால நனைச்சு விடுங்க."

தலையாட்டிவிட்டு ஸ்ட்ரெச்சரோடு நடந்தவனைக் குழந்தைகள் வார்டு வாசலில் ஒரு பலகை நிறுத்தியது: 'பெண் துணைக்கு மட்டும் அனுமதி.'

"கூட பொம்பளைங்க யாரு இருக்கா?" என்றார் காவலாளி சிவசாமி.

"நான் இருக்கேன்ல அண்ணே."

"நீ இருக்குறது தெரியுது. மீசையும் தெரியுது. பொம்பள யாருன்னு கேட்டேன்."

"அவ அம்மா குவைத்துல இருக்கா."

"பொண்டாட்டி வெளிநாட்டுல, புருசன் வார்டுக்குள்ளயா? நல்லாருக்குப்பா. பால் குடுக்குற புள்ளைக உள்ள இருக்குதுக. நீ போயி குந்திக்கிட்டா அதுக எங்கிட்டுப் போகும்?"

அந்தப் பெண்களின் கூச்சம் நியாயமானது. ஆனால் அதற்கு விலையாக ஒரு பிள்ளையின் அப்பாவை ஏன் பிடுங்க வேண்டும்? அதை அந்தப் பலகையை மாட்டியவர்கள் யோசிக்கவே இல்லை.

அரிமளத்திலிருந்து அக்கா காத்தாயியை வரவழைத்தான். வாசலிலேயே சொல்லி அனுப்பினான்: "தண்ணி கேட்டு அழுவாக்கா. குடுத்துராத."

"எனக்குத் தெரியாதாடா? நாலு பெத்தவ நான்."

அதன்பின் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்குப் போவான், கம்பி வழியாகப் பார்ப்பான். யாராவது முறைத்தால் வேப்பமரத்தடிக்கு நகர்வான், மறுபடி திரும்பி வருவான். வாங்கிய டீ கையிலேயே ஆறியது. உள்ளே பொற்கொடி நாக்கால் உதட்டைத் தடவித் தடவி அழுதாள்.

அப்படி ஒருமுறை திரும்பி வந்தபோதுதான் பார்த்தான். காத்தாயி பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்துப் பிள்ளையின் வாயில் சரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்ன குடுக்குற?" கம்பியைப் பிடித்துக் கத்தினான்.

"பதறாத. தண்ணி குடுக்கல. இது கோயில் தீர்த்தம்."

தீர்த்தமா தண்ணீரா என்று குடல் கேட்பதில்லை. கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்கு வயிறு உப்பியது. வாந்தி எடுத்தாள். இருமியதில் தையல் இழுத்து, கட்டின் மேல் ரத்தம் கசிந்தது. சிஸ்டர் ஓடிவந்தார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் காலி செய்யவேண்டும். பொற்கொடியோ கையைக் காலை உதறி, "அப்பா, அப்பா" என்று வீறிட்டாள். காத்தாயி பாட்டிலைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஒரு மூலைக்கு ஒதுங்கினாள். அவளைத் திட்டி என்ன செய்ய? டாக்டர் சொன்னதைக் கேட்டவனை வெளியே நிறுத்தி, கேட்காதவளை உள்ளே உட்கார வைத்தது அவளா?

செல்லமுத்து வாசலுக்கு ஓடினான். சிவசாமி குறுக்கே கையை நீட்டினார்.

பக்கத்துக் கட்டிலில் கைக்குழந்தையோடு இருந்த ஞானசெல்வி எழுந்தாள். பையிலிருந்து ஒரு சேலையை உருவினாள். ஒரு முனையை ஜன்னல் கம்பியிலும் மறுமுனையை சலைன் ஸ்டாண்டிலும் இழுத்துக் கட்டினாள். அவள் கட்டில் மறைந்தது.

"அண்ணே, மறைச்சாச்சு. அந்த மனுசனை விடுங்க. எம்புள்ளைக்குப் பால் குடுக்க இந்த ஒரு சேல போதும். இதுக்கா அந்தப் புள்ளய இப்படிக் கத்த விடுறீங்க?"

சிவசாமி சிஸ்டரைப் பார்த்தார்.

"என்னைய ஏன் பாக்குறீங்க? பிள்ளையப் புடிக்க ஆளு வேணும். அனுப்புங்க," என்றார் சிஸ்டர்.

செல்லமுத்து தலைமாட்டில் மண்டியிட்டு மகளின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டான். பஸ்ஸில் கூவும் குரலை அப்படியே தணித்துக் காதோரம் சொன்னான்: "குடுமியான்மலை போறவுக ஏறிக்கங்க. பாப்பா, எச்சில முழுங்கு. இன்னொருக்கா. டிக்கெட் எடுத்தாச்சா?"

"அத்தைக்கு எடுக்கல," என்று விசும்பினாள் பொற்கொடி. குழாய் இறங்கிவிட்டது.

தையல் பிரியவில்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்னார். பிள்ளை அப்பாவின் சட்டையைப் பிடித்தபடி தூங்கிப்போனாள். ஆனால் பலகை அங்கேயேதான் இருக்கிறது. காலையில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் சேலையை அவிழ்த்துவிட வேண்டும், அவனும் வெளியே போய்விட வேண்டும் என்று சிவசாமி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தண்ணீர் தரக்கூடாத காலம் இன்னும் முடியவில்லை. விழித்தால் அவள் மறுபடி கேட்பாள்.

உங்கள் ஊர் மருத்துவமனைக்கு இந்த வாரமே ஒருமுறை போங்கள். குழந்தைகள் வார்டு வாசலில் இப்படி ஒரு பலகை தொங்கினால் பேசாமல் திரும்பிவிடாதீர்கள். கட்டிலுக்குக் கட்டில் திரை போட்டு அப்பாக்களை உள்ளே விடச் சொல்லி, கண்காணிப்பாளரிடம் கையெழுத்திட்டு ஒரு மனு கொடுங்கள்.