பனி நாட்டுக்கு வந்த வேப்பிலை

இந்த மாதிரிக் கதைகளில் அம்மா சீக்கிரம் செத்துவிடுகிறாள். சில புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே. சிலதில் கதை தொடங்குவதற்கு முன்பே செத்திருப்பாள். அதற்கப்புறம்தான் பிள்ளைக்கு மந்திரம் வரும், பேசும் பறவை வரும், பறக்கும் குதிரை வரும். அம்மா உயிரோடு இருந்தால் இருட்டிப் போச்சு உள்ளே வா என்று கூப்பிட்டுவிடுவாள். கதை நடக்காது. எழுதுகிறவர்களுக்கு அது தெரியும்.

நான் அதிகம் படித்தவள் இல்லை. ஒன்பதாவதோடு நின்றேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. கம்பெனி பஸ்ஸில் போக வர இந்தக் கதைகளைத்தான் படிக்கிறேன். பதினாறு பதினேழு வயசுப் பிள்ளைகளுக்கென்று எழுதுகிறார்களே, ராஜ்யம், சாபம், டிராகன், அந்தக் கதைகள். உன் வயசுக்கு இது தேவையா என்று பக்கத்து சீட்டில் கேட்பார்கள். பஸ் ஆடும், எழுத்து ஆடும், படிப்பேன்.

எனக்கென்று சில அபிப்பிராயம் உண்டு. மலை நடக்கலாம், மீன் பாடலாம், நம்புவேன். மாசக்கணக்கில் காட்டில் நடக்கிற பெண் ஒரு தடவைகூடத் துணி துவைக்காததை நம்ப முடிவதில்லை. ஒருத்திக்கு இரண்டு பையன், யாரைக் கட்டிக்கொள்வது என்று இழுத்துக்கொண்டே போனால் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடுவேன். மந்திரம் சும்மா வரக்கூடாது. எதையாவது கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கெட்டவன் ஏன் கெட்டவன் ஆனான் என்று சொன்னால் பிடிக்கும். பிறக்கும்போதே உடம்பில் ஓர் அடையாளம், இவள்தான் உலகத்தைக் காப்பாற்றப் போகிறவள் என்று ஆரம்பித்தால் மட்டும் மூடி வைத்துவிடுவேன். அதற்குக் காரணம் இருக்கிறது. ஐந்தாவது படிக்கும்போது நடந்தது.

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், மாமா. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். ஆந்திரா பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு அது பழக்கம். மாமா அம்மாவின் தம்பி, கல்யாணம் ஆகாதவர். பழைய காகிதத்தை அரைத்துப் புதுசாக்குகிற கம்பெனி ஒன்றில் தரம் பிரிக்கிற வேலை. லாரி லாரியாகப் பழைய புத்தகம் வந்து இறங்கும். முதலில் அட்டையைக் கிழிப்பார்கள். பிறகு முதுகை வெட்டுவார்கள், பசை கூழோடு சேரக்கூடாதென்று. மீதி உதிரித் தாள். மாமா அதில் படம் போட்டதாகப் பார்த்து, மேஸ்திரியிடம் கேட்டு, கயிறு கட்டி எனக்குக் கொண்டு வருவார். அதனால் நான் சின்ன வயசில் படித்த எந்தப் புத்தகத்துக்கும் பெயர் தெரியாது. எழுதினது யார் என்றும் தெரியாது. பக்க எண் பார்த்து அடுக்கிக்கொள்வேன். நடுவில் இல்லாததை நானே நினைத்துக்கொள்வேன். கடைசிப் பக்கம் பெரும்பாலும் இருக்காது.

அந்த வருஷம் வந்த கட்டில் ஒரு பனி நாட்டுக் கதை இருந்தது. மூச்சு விட்டால் ஆறு உறைந்துபோகும், அப்படி ஒரு பெண். தோளில் பிறை மாதிரி அடையாளம். அம்மா இரண்டாம் பக்கத்தில் போய்விட்டாள். சாயங்காலம் மாமா வந்ததும் உரக்கப் படித்துக் காட்டுவேன். அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், ஆனால் கேட்பதற்குப் பிடிக்கும். நடுவில் கேள்வி வரும்.

“அவ்ளோ குளுர்ல போறாளே, அவளுக்கு யாரு சோறு போடறாங்க?”

அதெல்லாம் போடவில்லை என்பேன். சோறு துன்னாம எப்டி நடப்பா என்று அவரே முனகிக்கொள்வார். அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்.

“அவள வுடு. நீ மொதல்ல கைய கழுவிக்கினு வா.”

அப்படி இருக்கும்போதுதான் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ரொம்ப நாளாக வலியை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். ஒரு நாள் குழாயடியில் குடத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஊரில் பார்த்தவர்கள் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். நைனா கூடப் போனார். உடம்பில் ரத்தம் இல்லை, ஏற்றிவிட்டுத்தான் ஆபரேஷன் என்று தகவல் வந்தது. வீட்டில் மாமாவும் நானும்.

என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பெரியவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் போனால் நிறுத்திவிடுவார்கள். அதனால் எனக்குத் தெரிந்த வழியில் யோசித்துப் பார்த்தேன். நான் படித்த கதைகளில் அம்மா செத்த பிள்ளைகளுக்கெல்லாம் ஏதோ ஓர் அடையாளம் இருந்தது. நெற்றியில், உள்ளங்கையில், தோளில். குளிக்கும்போது உடம்பு முழுக்கத் தேடினேன். கையில் ஊசி போட்ட தழும்பு. அது வகுப்பில் எல்லாருக்கும் இருக்கிறது. முட்டியில் விழுந்த காயம். அது அடையாளம் ஆகாது. வேறொன்றும் இல்லை. நான் சாதாரணப் பிள்ளை. உலகத்தைக் காப்பாற்ற என்னை யாரும் கூப்பிடப் போவதில்லை. அப்படியென்றால் அம்மா சாகமாட்டாள். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா எனக்குத் தலை பின்னிவிட வருவாள். நல்ல மனசு, வாய் கொஞ்சம் நீளம். மறுநாள் பின்னும்போது பின்கழுத்தில் விரலை வைத்தாள்.

“இன்னாடி இது, இங்க ஒரு மச்சம் கீது. இத்தினி நாளா நானே பாக்கல. ராஜயோகம்டி உனக்கு. எங்கியோ போகப்போற பாரு.”

பின்னல் பாதியில் இருக்கும்போதே எழுந்துவிட்டேன். இன்னாடி ஆச்சு உனக்கு என்று பின்னாலேயே வந்தாள். வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் போகவில்லை. அவள் போட்டு வைத்த சோற்றைத் தொடவில்லை. அழவும் இல்லை. அழுதால் அது உறுதியாகிவிடும் என்று இருந்தது.

மாமா ஷிஃப்ட் முடிந்து வந்தார். மூடியபடியே இருந்த தட்டைப் பார்த்தார். இன்னா என்றார். எனக்கு மச்சம் இருக்கிறது என்றேன். அவருக்குப் புரியவில்லை. தாள் கட்டுகளை எடுத்து வந்து பரப்பி ஒவ்வொன்றாகக் காட்டினேன். இவளுக்கு அடையாளம் இருக்கிறது, அம்மா இல்லை. இவனுக்கும் இருக்கிறது, அம்மா இல்லை. இவளுக்கும். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. தாள்களைத் திரும்பவும் அடுக்கி வைத்தார்.

“அந்தப் பனி நாட்டுப் பொண்ணு,” என்றார் பிறகு. “கடைசில இன்னா ஆனா?”

தெரியாது என்றேன். செத்தவர்கள் இருக்கிற ஊரின் வாசல்வரை அவள் போய்விடுகிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா நிற்கிறாள். அத்தோடு தாள் தீர்ந்துவிட்டது.

“கடைசித் தாள நான் படிச்சேன். கம்பெனில. எடுத்தாறதுக்குள்ள கூழுத் தொட்டில போட்டுட்டானுங்கோ.”

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் வேலைக்கு நடுவில் அதை எப்படிப் படித்தார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. என்ன போட்டிருந்தது என்று கேட்டேன்.

“அம்மா திரும்பி வந்துட்டா.”

“எப்டி?”

மாமா யோசித்தார். கதை கட்டுகிறவர் இல்லை அவர். தெரிந்ததைத்தான் சொல்ல முடியும்.

“வேப்பிலை கட்டிக்கினா. ஒடம்பு ஃபுல்லா. கட்டிக்கினு கோயில சுத்துனா. கதவு தொறந்துக்கிச்சு.”

“பனி நாட்டுல வேப்பமரம் ஏது மாமா?”

“லாரில வந்துச்சு.”

“எங்கருந்து?”

“ஆந்திராலருந்து. செக்போஸ்ட்ல நிறுத்தி வச்சிட்டான். அதான் லேட்டு.”

எனக்கு அது நியாயமாகப் பட்டது. எங்கள் ஊருக்குப் பாதிப் பொருள் அங்கிருந்து லாரியில்தான் வரும், செக்போஸ்ட்டில்தான் நிற்கும். மச்சம் என்ன ஆகும் என்று கேட்டேன். மச்சம் இருந்தாலும் இலை கட்டினால் சரியாகிவிடும், அதையும் போட்டிருந்தான் என்றார். சோற்றைத் திறந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஆபரேஷன் அன்றைக்கு மாமா வேலைக்குப் போகவில்லை. விடிந்ததும் என்னை எழுப்பிப் பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குப் போகலாம் என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கதை நடந்த இடத்தைக் காட்டப்போகிறார் என்று நானே நினைத்துக்கொண்டேன். ஏனென்றால் மாமா கோயிலுக்குப் போகிற ஆள் இல்லை. வீட்டில் எல்லாரும் போனாலும் அவர் வெளியே டீக்கடையில் நிற்பார். அம்மா திரும்பி வந்து திட்டிக்கொண்டே நெற்றியில் குங்குமம் வைத்துவிடுவாள். அதை மட்டும் துடைக்கமாட்டார்.

கவரப்பேட்டையில் பஸ் மாறிப் போனோம். ஆடி மாசம், நல்ல கூட்டம். அங்கே வேண்டிக்கொண்டவர்கள் தலையில் தண்ணி ஊற்றிக்கொண்டு, ஈர உடம்பின் மேல் வேப்பிலையைக் கட்டிக்கொண்டு அம்மனைச் சுற்றி வருவார்கள். பொம்பளை, ஆம்பளை, குழந்தை எல்லாரும். தெருவே கசப்பு வாசனையாக இருந்தது. இலை கட்டிவிடுகிற அம்மா ஒருத்தி என்னைப் பார்த்து, பாப்பாவுக்குச் சின்னதாகக் கட்டலாம் என்றாள்.

“அதுக்கு இல்ல. எனக்கு,” என்றார் மாமா.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “யாருக்கு வேண்டுதல்? பொண்டாட்டிக்கா?”

“அக்காவுக்கு.”

அவள் இன்னொரு கொத்தை எடுத்துச் சேர்த்து இறுக்கிக் கட்டினாள்.

சட்டை, பனியன், செல்போன் மூன்றையும் மாமா என்னிடம் கொடுத்தார். இந்தக் கம்பத்தை விட்டு நகராதே, போன் வந்தால் பச்சைப் பட்டனை அமுக்கு என்றார். கூட்டத்துக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் எது மாமா என்று தெரியவில்லை. எல்லாம் இலையாக இருந்தது. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அது அடிக்கக்கூடாது என்றும் இருந்தது, அடிக்கவில்லையே என்றும் இருந்தது.

அடித்தது. பச்சையை அமுக்கினேன். பம்பை மேளச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு காதைப் பொத்திக்கொண்டு நைனா நைனா என்று கத்தினேன். அப்புறம் கேட்டது.

“அம்மா கண்ணு முழிச்சிக்கினா. நல்லாகீறா. நீ சாப்டியான்னு கேக்கறா.”

கம்பத்தை விட்டு ஓடினேன். எல்லா முதுகும் ஒரே மாதிரி பச்சை. ஒருவரின் இலையைப் பிடித்து இழுத்தேன். பெரிய மீசையோடு ஒருவர் திரும்பினார். பாப்பா, கைல வருது பாரு, வுடு என்று இலையைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவரை இழுத்தேன். அது ஒரு வயசான அம்மா, என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனாள். கடைசியில் நின்ற இடத்திலிருந்தே மாமா என்று கத்தினேன். நாலைந்து மாமாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் என் மாமா.

“அம்மா கண்ணு முழிச்சிக்கிச்சு. நைனா போன் பண்ணாரு.”

மாமா நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் அவர் மேல் இடித்துக்கொண்டு விலகிப் போனார்கள். அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. என்னைத் தூக்கவில்லை. என் கையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்தார், சூடு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு திரும்பி மறுபடி நடக்க ஆரம்பித்தார்.

“அதான் முழிச்சிக்கிச்சே. வா மாமா, போலாம்.”

“சுத்து பாக்கி கீது.”

நானும் பக்கத்தில் நடந்தேன். என் உடம்பு லேசாகிவிட்டிருந்தது. பசி தெரிந்தது. வழியில் பார்த்த பொரி கடை ஞாபகம் வந்தது. மாமா மேல் கொஞ்சம் எரிச்சலும் வந்தது. கதவு திறந்துவிட்டது, அம்மா வந்துவிட்டாள், இன்னும் எதற்கு நடக்க வேண்டும். அவர் கண்ணிலிருந்து தண்ணி வந்துகொண்டே இருந்தது. வேப்பிலை பட்டிருக்கும் என்று நினைத்தேன். எனக்காகத்தானே கதையில் வந்ததை நிஜமாகச் செய்து காட்டுகிறார் என்று கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அம்மா மெலிந்துபோய் வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றைக்கே என் தலையைப் பார்த்துத் திட்டினாள். பேன் பிடித்திருந்தது. காலுக்கு நடுவில் என்னை உட்காரவைத்து வாரிக்கொண்டே திட்டினாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். முடியட்டும் என்று தோன்றவே இல்லை.

அந்தப் பனி நாட்டுப் புத்தகத்தின் உண்மையான முடிவு எனக்கு இன்றுவரை தெரியாது. தேடவும் இல்லை. எழுதினவர் என்னதான் எழுதியிருந்தாலும் அதில் செக்போஸ்ட் இருக்காது. பிறகு எவ்வளவோ கதை படித்துவிட்டேன். வாளோடு போகிறவர்கள், நெருப்போடு போகிறவர்கள். அம்மா செத்ததும் அடுத்த பக்கத்தில் குதிரை ஏறிவிடுகிறார்கள். அழுதால் ஒரு வரி அழுகிறார்கள். அதுதான் எனக்கு இந்தக் கதைகளோடு பெரிய சண்டை.

நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே அம்மா சாதாரணமாகச் சொன்னாள். அவர்களுடைய அம்மா செத்துப்போனபோது மாமா தவழ்கிற பிள்ளை. அம்மாவே அப்போது சின்னப் பெண். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். கஞ்சி ஊட்டினது, நடக்க வைத்தது எல்லாம் அவள்தான். பேச்சு வந்ததும் மாமா அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அதனால் அக்கா என்று மாற்றிக்கொண்டாராம்.

அது தெரியாமல்தான் அன்றைக்கு, சட்டையையும் பனியனையும் சுமந்துகொண்டு, இவர் எப்போது முடிப்பார் என்று பார்த்துக்கொண்டே பக்கத்தில் நடந்தேன்.