கணினிக்கு வெறுமையாய்த் தெரிந்த சிடி

போர் முடிந்து மீள்குடியேறி இலுப்பைக்கடவையில் வீடு எழுப்பி, கரண்டும் வந்த பிறகு, சுவிஸிலிருந்து வந்துபோன தம்பி ஒரு ஒலிப்பதிவுப் பெட்டியை எங்களிடம் விட்டுச் சென்றான். மைக்கைப் பொருத்திப் பேசினால் நேரே சிடியில் பதியும். அப்போது தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்த தங்கச்சிக்கு முதல் பிள்ளை பிறந்திருந்தது. தொலைபேசியை எடுத்தாலே அம்மா அழுதுவிடுவார். அதனால் பத்தியக் கறி வைக்கும் விதத்தை அவர் குரலிலேயே பதிந்து அனுப்ப நினைத்தேன்.

மன்னார்க் கடையில் வாங்கிய வெற்றுச் சிடியைப் பெட்டி வெளியே தள்ளியது. தம்பி மிச்சம் வைத்த சிடியை மட்டும் ஏற்றது. இரண்டையும் வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரே மினுக்கம். தம்பிக்குப் போன் அடித்துக் கேட்டேன்.

"அக்கா, அந்த மெசினுக்குப் பாட்டுக்கெண்டு விக்கிற சிடிதான் வேணும். அதிலை ஒரு அடையாளம் கிடக்கு. எங்கட கண்ணுக்குத் தெரியாது."

அம்மா மைக்குக்கு முன்னால் சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். "பிள்ளை, மிளகு, சீரகம், மல்லியைப் பட்டுப்போல அரை. உள்ளிப்பூண்டு கனக்கப் போடு. பால்சுறா மீன் கிடைச்சா விடாதை, பால் ஊறும்." அழவில்லை. அடுப்படியில் நின்று சொல்வதுபோல் சொன்னார்.

பெட்டியில் அது துல்லியமாகக் கேட்டது. தங்கச்சியிடம் அந்தப் பெட்டி ஏது, முகாம் வகுப்பறையின் கணினிதான். எதற்கும் பார்ப்போம் என்று என்னோடு படிப்பித்த கணினி டீச்சரிடம் கொடுத்தேன். திரையைப் பார்த்தவர் திகைத்தார்.

"டீச்சர், இதிலை ஒண்டுமில்லையே. வெறும் சிடி."

"காலமை கேட்டனான். அம்மா முழுக்கக் கதைச்சவ."

அவருக்கும் பொறுக்கவில்லை. பள்ளி விட்டதும் என்னோடு வீட்டுக்கே வந்தார். பெட்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் பிரித்து இருவரும் தரையில் உட்கார்ந்தோம். பதிந்தால் மட்டும் போதாது, பதிவு முடிந்தது என்று சிடியை மூட வேண்டும் என்று அதில் இருந்தது. மூடும்வரை அந்தப் பெட்டிக்கு மட்டுமே உள்ளே இருப்பது தெரியும். பொத்தானை அழுத்தினோம். பெட்டி சிறிது நேரம் உறுமி ஓய்ந்தது.

மறுநாள் பள்ளிக் கணினியில் அம்மா பேசினார். டீச்சர் அதைக் கடைச் சிடியிலேயே ஒரு பிரதி எடுத்தார். பெட்டி தள்ளியதைக் கணினி ஒரு முறைப்பாடும் இல்லாமல் வாங்கிக்கொண்டது. அந்தப் பிரதியை இந்தியாவுக்குப் போன அயலவர் ஒருவர் கொண்டுபோனார்.

சில நாட்களில் தங்கச்சி அழைத்தாள். கறியைப் பற்றிப் பேசுவாள் என்று காத்திருந்தேன்.

"அக்கா, அம்மா கதைக்கேக்கை பின்னாலை உழவு மெசின் சத்தம் கேக்குது. ஆரின்ரை வயல்?"

பதிந்த அன்று எனக்கு அந்தச் சத்தம் காதில் விழவே இல்லை.

"எங்கட வயல்தான்," என்றேன். "கண்ணிவெடி எல்லாம் எடுத்துத் தந்திட்டாங்கள். இந்தப் போகம் விதைக்கிறம்."

"நாங்களும் வாறம் அக்கா," என்றாள்.