இருபத்தைந்தில் பதினான்காவது

அசையும் சிற்பம் விற்பவளின் முதல் வேலை, அது விலை உயர்ந்த டேபிள் ஃபேன் இல்லை என்று நிரூபிப்பது.

மும்பை செம்பூரில் ஒரு கேலரியில் சேர்ந்தபோது என் மகளுக்குப் பத்து மாதம். எனக்கு ஆறு மாத சோதனைக் காலம். நாங்கள் விற்ற சிற்பம் பார்க்க எளிமையானது. முன்னும் பின்னுமாகக் கண்ணாடிபோல் இரண்டு அக்ரிலிக் தட்டுகள், இரண்டிலும் மெல்லிய கறுப்பு வட்டங்கள். முன்தட்டின் அச்சு நடுவிலிருந்து ஓர் அரிசி அளவு, வேண்டுமென்றே, விலகியிருக்கும். அது மெதுவாகச் சுற்றும்போது கோடுகள் குறுக்கிட்டு, குளத்தில் கல் போட்டதுபோல் அலை எழும். மொத்தம் இருபத்தைந்துதான். "ஒரு பீஸ் திரும்பி வந்தாலும் நீ வேற வேலை பார்த்துக்கோ" என்று முதலாளி ராஜி மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார். கஸ்டமரிடம் திட்டு வாங்கிப் பிழைக்கும் யாருக்கும், அதன்பிறகு நான் எப்படித் தூங்கினேன் என்று விளக்க வேண்டியதில்லை.

கேரண்டி

மாட்டுங்காவிலிருந்து ரிட்டயர்டு மாமா ஒருவர் வந்தார். சிற்பத்தை முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், கீழே குனிந்து மோட்டாரையும் பார்த்தார். இருபத்தைந்து முடிந்ததும் மோல்டை உடைத்துவிடுவோம், உலகத்தில் இருபத்தாறாவது இருக்காது என்று பெருமையாகச் சொன்னேன். மனப்பாடம் செய்திருந்த வரி அது. மாமா முகம் வாடிவிட்டது.

"ஏம்மா, உடைச்சுட்டா ஸ்பேர் பார்ட்ஸுக்கு நான் எங்கே போவேன்?"

நின்றுபோன அலை

"தினமும் பத்து மணிக்கு நின்னுடறது, வந்து எடுத்துண்டு போங்கோ" என்று ஒரு அம்மாளிடமிருந்து போன். ஓடினேன். மோட்டாரில் குறையே இல்லை. அங்கே வீட்டு வேலை செய்யும் செல்வி, சீத்தா கேம்ப் குடிசைகளிலிருந்து வருபவள், அந்த அம்மாள் குளிக்கப் போனதும் ஸ்விட்சை அணைத்துவிடுகிறாள். ஏன் என்று கேட்டேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"பாக்க ஆளே இல்லாதப்ப இது யாருக்குக்கா ஆடுது?"

பாயின் நல்ல மனசு

சிற்பங்களைத் தாராவியில் மைதீன் பாய் பட்டறையில்தான் செய்கிறார்கள். பாய்க்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கை சுத்தம், வேலை அதைவிடச் சுத்தம். ஒவ்வொன்றையும் ஓடவிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. பதினான்காவதை ஓடவிடும் நேரத்தில் பாப்பாவைப் பகலில் விடும் க்ரெஷ்ஷிலிருந்து போன், அவளுக்குக் காய்ச்சல். மோட்டார் சத்தம் கேட்டது, ஸ்விட்ச் விளக்கும் எரிந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன். அது நவி மும்பை நெருளுக்கு, வாங்கியவர் வீட்டுக்கே, போய்விட்டது. ஒரு வாரம் கழித்து பாய் டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார்:

"ஒங்க ஆர்ட்டிஸ்டு சென்டரைத் தப்பா போட்டிருக்காரு தாயி, பதினாலுல நான் சரி பண்ணிட்டேன், ஒரு நூல் வெலகல பாத்துக்க!"

நெருள்

அச்சு நடுவில் இருந்தால் வட்டம் சுற்றுவது யார் கண்ணுக்கும் தெரியாது, அலையும் இல்லை. பேசாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். முடியவில்லை. கான்வென்டில் சிஸ்டர்கள் எனக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தவை இரண்டு: நகம் வெட்டுவது, தப்பை உடனே ஒப்புக்கொள்வது.

வாங்கியவர் ஓர் எஞ்சினியர், பல வருடமாகச் சிற்பம் சேர்ப்பவர். "வாம்மா! தினம் அரை மணி நேரம் எதிர்ல உக்காந்து பாக்கறேன். அசையறதே தெரியலை, என்ன நுணுக்கம்!" என்றார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி, மாற்றித் தருகிறேன், திருப்பிக் கொடுங்கள் என்றேன். அவர் எழுந்து போய் சிற்பத்துக்கும் எனக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"மத்தவன்கிட்ட இருக்கிறது இருபத்தஞ்சுல ஒண்ணு, என்கிட்ட இருக்கிறது உலகத்துலயே ஒண்ணு, இதைத் தருவேனா? அதையே ஸ்டாம்ப் போட்டு எழுதிக் கொண்டு வா!"

ஸ்டாம்ப்

கேலரியின் ஸ்டாம்ப் ராஜி மேடத்தின் மேஜை டிராயரில் இருக்கிறது. என் தப்பை என் கையாலேயே டைப் செய்து எடுத்துப் போனேன். மேடம் படித்தார். மறுபடி படித்தார். க்ரெஷ்ஷுக்கு எப்படி நோட்டீஸ் கொடுப்பது, வீட்டில் எந்த முகத்தோடு சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பொத்தென்று ஸ்டாம்ப் விழுந்தது. கூடவே, சோதனைக் காலம் முடிந்ததாக இன்னொரு காகிதம்.

"திரும்பி வரலையே, அப்புறம் என்ன? அடுத்த டிசைன் செட்லயும் ஒண்ணே ஒண்ணை பாய்கிட்டே கொடுத்துச் சரி பண்ணச் சொல்லு."

ஆக, ஒழுங்காக ஆடிய இருபத்துநான்கும் என்னை நடுங்கத்தான் வைத்தன, ஆடாத ஒன்றுதான் எனக்கு வேலையை நிரந்தரமாக்கியது.