மச்சான் தொட்ட எஞ்சின்

சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான்.

பாச்சாங்கில் என் வீட்டு வாசலில் போன மாதம் நடந்தது இது. என்னைவிட வயதில் மூத்த என் பழைய கார், அதுவரை ஒருநாளும் இப்படி மக்கர் செய்ததில்லை.

விளக்கு பளிச்சென்று எரிகிறது. ஹார்ன் அலறுகிறது. அப்படியானால் பேட்டரி சரி. பிறகு எது? எஞ்சினைச் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர்தான் என்றது மனம். கூடவே ஓர் ஆளையும் காட்டியது... மச்சான்!

மச்சான் என் மனைவியின் அண்ணன். செலண்டாரில் இருக்கிறார். அவரிடமும் இதே மாடல் கார் ஒன்று உண்டு – ஸ்டார்ட்டர் செத்துப்போய், கொட்டகையில் படுத்திருக்கிறது. அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தெங்கேராவின் பழங்காலச் சந்துகளில் பழைய காரோடு போட்டோ எடுக்கப் பெண் ஆசைப்பட, என் காரை ஒருநாள் வாங்கிப் போனார். கல்யாணத்தன்றும் பெண் அதில்தான் மண்டபத்துக்கு வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். சில நாளிலேயே 'டிக்'.

ஏன் அவ்வளவு சுத்தமாகத் துடைக்க வேண்டும்? கைரேகையை மறைக்கவா?

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு என் புத்தி புரியும். கடையில் கிடைக்காத சாமான் இன்னொருவர் காரில் நல்லபடியாக இருந்தால், கண் அங்கேதான் போகும். என் கண்ணே அப்படிப் போயிருக்கிறதே!

பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தேன். ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு போல்ட் தலையில், புதிதாக ஸ்பேனர் பட்ட கீறல். சந்தேகத்துக்கு இது ஒரு குணம். ஆதாரம் தேடினால் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

"உங்க அண்ணன் எஞ்சின்ல கை வச்சிருக்காரு. நம்ம ஸ்டார்ட்டர கழட்டிட்டு அவரோடத மாட்டிட்டாரு" என்றேன் மனைவியிடம்.

"எங்க அண்ணனையா திருடன்னு சொல்றீங்க? வாய் கூசலையா உங்களுக்கு?"

கூசவில்லை. 'கார் ஸ்டார்ட் ஆகலை' என்று மட்டும் மச்சானுக்கு மெசேஜ் தட்டினேன். உடனே போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தார். பதறட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதன்பிறகு மனைவி என்னோடு சரியாகப் பேசவில்லை. ஒரு காலையில் அவளே போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"வோல்ட் மீட்டர் வச்சிருக்கீங்கல்ல? சோதிச்சுப் பாருங்க. அண்ணன்தான்னு தெரிஞ்சா நானே கேக்குறேன்."

அவள் சாவியைத் திருப்ப, நான் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையை எஞ்சின் மேலும் வைத்தேன். அந்த இடத்தில் வோல்ட் காட்டவே கூடாது. காட்டினால் வழியில் எங்கோ கரண்ட் தடைபடுகிறது என்று அர்த்தம். ஏழு வோல்ட் காட்டியது! மறுமுனையை எஞ்சினிலிருந்து எடுத்து பாடியில் வைத்தேன். ஒன்றுமில்லை. ஆக, கோளாறு ஸ்டார்ட்டரில் இல்லை. எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் வயரில்.

அந்த வயரைப் பிடித்திருந்ததுதான் கீறல் விழுந்த போல்ட். கழற்றினேன். பச்சை பூத்துக் கிடந்த என் பழைய வயரைக் காணோம். இருந்தது புத்தம்புதிய வயர். அதன் அடியில்... காய்ந்து இறுகிய சந்தனம். நடுவில் குங்குமம்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "அண்ணன் வேலைதான். புதுசா எதை மாட்டினாலும் பொட்டு வச்சுட்டுத்தான் மாட்டுவாரு."

சாமானை எடுத்துக்கொண்டார் என்று நான் நினைத்த மனிதர், சொல்லாமல் கொள்ளாமல் புது வயர் போட்டுக் கொடுத்திருக்கிறார். சந்தனத்தில் ஈரம் இருந்தவரை கார் ஓடியது. காய்ந்து இறுகியதும் கரண்டை மறித்துவிட்டது. மனைவியின் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. சுரண்டித் துடைத்து மாட்டினேன். ஒரே திருப்பில் உறுமியது!

உடனே போனை எடுத்தேன். "மச்சான், கார் ரெடி. பொண்ணுக்கு..."

"பரவால்ல மாப்ள, வாடகைக் கார் புக் பண்ணிட்டேன் லா. குடுக்க மனசில்லன்னா நேராவே சொல்லியிருக்கலாம்."

உங்கள் சந்தனம்தான் காரை நிறுத்தியது என்று சொல்வதா? சரி, ஏன் போனை எடுக்கவில்லை என்று திருப்பிக் கேட்டால்?

போன ஞாயிறு கல்யாணம். மணப்பெண் வாடகைக் காரில் வந்து இறங்கினாள். நாங்கள் எங்கள் காரில். மண்டப வாசலில் நின்ற மச்சான், அதை ஒரு சுற்று சுற்றி வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லாத்தான் ஓடுது மாப்ள."

அன்று ஒரு நாளாவது அது ஸ்டார்ட் ஆகாமல் இருந்திருக்கக் கூடாதா?